பிடதியில் எழாத மின்நிலையம்

மின்விசிறி சுழலும் வரையில் அதனைச் சுழற்றும் ஆற்றல் எங்கிருந்து வருகிறதென்று எண்ணுவார் அரியர். விசிறி நின்றுவிட்டாலோ அவ்வெண்ணம் வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒருங்கே தோன்றிவிடுகிறது. பெங்களூர்த் தண்டுப் பகுதியில் ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் என அடுத்தடுத்து அமைந்த தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நம் தமிழ்க் குடும்பங்கள் இந்நகரின் மின்சாரத்துக்கு மாதந்தோறும் கணக்குத் தீர்த்து வருகின்றன. ஆயினும் அம்மின்சாரத்தின் வரலாற்றை அறிந்தோர் நம்முள் சிலரே.

கட்டி முடிக்கப்பட்ட மின்நிலையங்களின் வரலாற்றையேனும் ஒருவாறு கேட்டறியலாம். அவற்றிற்குத் திறப்பு விழா உண்டு. பெயர் பொறித்த கல் உண்டு. கட்டப்படாமலே போன நிலையத்துக்கு இவற்றுள் எதுவும் இல்லை. எனினும் அத்தகைய நிலையம் ஒன்றின் கதை நம் ஒவ்வொருவர் வீட்டு மின்கட்டணச் சீட்டோடும் தொடர்புடையதாக இருக்கிறது. நகரிலிருந்து மைசூர்ச் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிடதியில் எழுந்திருக்க வேண்டிய இயற்கை எரிவாயு மின்நிலையமே அது.

முன்னோர் செய்த ஏற்பாடு

பிடதியின் கதையை விளங்கிக்கொள்ள, நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு செய்தியை முதலில் நினைவு கூர்தல் நலம். காவிரியாறு சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்கிறது. அவ்வீழ்ச்சியின் விசையால் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டம், மைசூர் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்ரி ஐயரின் காலத்தில் உருவாயிற்று. பாலக்காட்டுப் பகுதியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அப்பெரியார், திட்டம் நிறைவேறுவதைக் காணாமல் 1901-இல் மறைந்தார். 1902-இல் சுமார் 147 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பி வழியே தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. பூமிக்கடியில் உழைத்த தொழிலாளருள் மிகப் பலர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சென்ற நம்மவர் என்பதை யாவரும் அறிவர். பெங்களூர் நகர வீதிகளுக்கு மின்விளக்கு வந்தது அதன் பின்னரே, 1905-இல்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. எந்திரங்கள் கடல் கடந்து வந்து சேருமுன்னரே, மின்சாரத்தை வாங்குவோர் யார், என்ன விலைக்கு வாங்குவர் என்பது சுரங்கக் கம்பெனிகளோடு ஒப்பந்தமாகிவிட்டது. எரிபொருளாவது காவிரி நீர். அதற்கு விலை இல்லை. ஆற்றில் நீர் குறைகிற கோடைக் கவலை பின்னர் எழுந்ததாயினும், எரிபொருளும் விலையும் வாங்குவோரும் ஆகிய மூன்றும் தொடக்கத்திலேயே கண்முன் நின்றன. ஆதலால் அந்நிலையம் எழுந்தது, நிலைத்தது.

பிடதிக்கு வகுத்த திட்டம்

சிவசமுத்திரத்துக்குப் பின் கர்நாடகம் நெடுங்காலம் நீர்வீழ்ச்சிகளையே நம்பியிருந்தது. ஜோக் அருவியை அடுத்த சராவதி நிலையங்கள் அவ்வகையில் பெரும்பணி ஆற்றின. 1970-இல் மாநில மின்உற்பத்திக் கழகம் தோன்றியது. 1985-இல் ராய்ச்சூரில் நிலக்கரியால் இயங்கும் முதல் அலகு வேலை தொடங்கியது. ஆனால் அருவிகள் மேற்கே மலைநாட்டில் உள்ளன. நிலக்கரி நிலையங்களோ வடக்கே உள்ளன. மின்சாரம் மிகுதியாகச் செலவாகும் பெங்களூரோ தெற்கே இருக்கிறது. நகரம் விரிய விரிய, அதன் அருகிலேயே ஒரு பெரிய நிலையம் வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது.

அவ்வெண்ணத்தின் உருவமே பிடதித் திட்டம். அதன் அளவு 1,400 மெகாவாட் எனக் குறிக்கப்பட்டது. மராட்டிய மாநிலக் கடற்கரையிலுள்ள தாபோலிலிருந்து பெங்களூர் வரை கெயில் நிறுவனம் குழாய் பதிக்கும். குழாயில் வரும் எரிவாயுவைக் கொண்டு பிடதியில் மின்சாரம் ஆக்கப்படும் என்பது ஏற்பாடு.

எரிவாயுவைத் தேர்ந்ததற்குத் தக்க காரணங்கள் இருந்தன. இவ்வகை நிலையத்தில் வாயுவை எரித்து, அதன் வெப்பக் காற்றினால் முதலில் ஒரு சுழலி சுழற்றப்படுகிறது. வெளியேறும் அக்காற்று வீணாக விடப்படுவதில்லை. அதன் சூட்டினால் நீரை ஆவியாக்கி இரண்டாவது சுழலியையும் சுழற்றுகின்றனர். இதனை இணைசுழற்சி முறை என்பர். நிலக்கரி நிலையத்தில் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது பங்குவரையே மின்சாரமாகும். இணைசுழற்சியில் ஐம்பத்தைந்து பங்குக்கு மேலும் கிடைக்கும். சாம்பல் இல்லை, கரிமூட்டம் இல்லை, தண்ணீர்த் தேவையும் குறைவு. மாலை வேளையில் ஊரெங்கும் விளக்கேற்றும்போது விரைவாக இயக்கலாம், நள்ளிரவில் தணிக்கலாம். ஒரு மாநகரின் பக்கத்தில் வைப்பதற்கு இதனினும் ஏற்ற நிலையம் இல்லையென்றே கூறலாம்.

சட்டியும் அகப்பையும்

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்பது நம் பழமொழி. பிடதியில் அகப்பையின் அளவு குறிக்கப்பட்டது. சட்டியில் என்ன இருந்தது என்பதே கேள்வி.

1,400 மெகாவாட் நிலையம் முழுவீச்சில் இயங்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 லட்சம் கன மீட்டர் எரிவாயு வேண்டும். இத்துணை வாயுவுக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று, நம் நாட்டுக் கிணறுகளில் எடுப்பது. மற்றொன்று, வெளிநாட்டு வாயுவைச் சுழியத்துக்குக் கீழே 162 பாகை அளவுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலில் கொணர்ந்து மீண்டும் வாயுவாக்குவது.

முதல் வழியில் பெருநம்பிக்கை பிறந்த காலம் ஒன்றிருந்தது. கிருஷ்ணா, கோதாவரி ஆறுகள் கடலில் கலக்குமிடத்துக்கு அப்பால், ஆழ்கடலில், ரிலையன்ஸ் நிறுவனம் 2002-இல் கண்டறிந்த கிணறுகளிலிருந்து 2009 ஏப்ரலில் வாயு வெளிவரலாயிற்று. 2010-இல் அது நாளொன்றுக்குச் சுமார் 6 கோடி கன மீட்டரை எட்டியது. அரசு ஏற்ற விலை, 10 லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 4.20 டாலர். அவ்விலைக்கு வாயு கிடைத்தால், அந்நாளைய டாலர் மதிப்பில், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆகும் வாயுவின் செலவு, குழாய்க் கூலியும் வரியும் நீங்கலாக, ஏறக்குறைய ஒன்றேகால் ரூபாய்தான். அந்நாளில் நாட்டின் பல பகுதிகளிலும் எரிவாயு நிலையங்கள் விறுவிறுவென எழும்பின.

ஆனால் கடலடிக் கிணறுகள் எதிர்பார்த்தபடி ஊறவில்லை. உற்பத்தி ஆண்டுக்காண்டு சரிந்தது. 2012 மார்ச்சில் மத்திய அரசே, உள்நாட்டு வாயுவை நம்பிப் புதிய மின்நிலையங்களை 2015-16 வரை வகுக்க வேண்டா என்று முனைவோர்க்கு அறிவுறுத்தும் நிலை வந்தது. 2013 மார்ச்சு அளவில் அக்கிணறுகளிலிருந்து மின்நிலையங்களுக்குச் சென்ற வாயு அறவே நின்றது.

இரண்டாம் வழியோ விலையால் அடைபட்டது. 2011-இல் ஜப்பானின் புகுஷிமாவில் நேர்ந்த அணுஉலை விபத்துக்குப் பின் அந்நாட்டார் உலகெங்கும் திரவ வாயுவை வாங்கிக் குவித்தனர். ஆசியச் சந்தையில் விலை 15 டாலருக்கு மேல் உயர்ந்தது. அவ்விலையில் ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் செலவு மட்டுமே ஆறு ரூபாய் அளவுக்கு வந்துவிடும். அம்மின்சாரத்தை வாங்க எந்த மின்வழங்கு நிறுவனம் முன்வரும்? பிடதித் திட்டம் ஏட்டளவில் நின்றதற்கு அடிப்படை இதுவே. நிலையான விலையில், நீண்டகாலத்துக்கு உறுதியான வாயு என்பது இறுதிவரை கைகூடவில்லை.

கட்டியவர் பட்ட பாடு

"நிலையம் கட்டியிருந்தால் வாயு எப்படியாவது வந்திருக்குமன்றோ?" என வினவும் அன்பர்கள் இருக்கலாம். அவ்வாறு நம்பிக் கட்டியவர்களின் அனுபவத்தைக் காண்போம்.

குழாய் புறப்படும் தாபோலிலேயே தொடங்கலாம். அமெரிக்காவின் என்ரான் கம்பெனி முன்னின்று அமைத்த நிலையத்தின் முதற்பகுதி 1999-இல் நாப்தா என்னும் எண்ணெயால் இயங்கத் தொடங்கியது. மின்சாரத்தின் விலை தாங்கவில்லையென 2001-இல் மராட்டிய மின்வாரியம் வாங்குவதை நிறுத்தியது, நிலையம் மூடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் என்ரானே நொடித்துப் போயிற்று. 2005-இல் பொதுத்துறையினர் புதிய நிறுவனம் அமைத்து அதனை மீட்டனர். மொத்தம் 1,967 மெகாவாட் ஆற்றலுள்ள அந்நிலையம், உள்நாட்டு வாயு நின்றதும் 2013-இல் மறுபடியும் முடங்கியது. பின்னர் 2015-இல் ரயில்வேக்கு மின்சாரம் தருவதற்காக அதன் ஒரு பகுதி மட்டும் இயக்கப்பட்டது.

நம் கர்நாடகத்திலேயே மற்றொரு வியப்பான எடுத்துக்காட்டு உண்டு. மங்களூருக்கு அருகே தண்ணீர்பாவியில் ஜி.எம்.ஆர். நிறுவனம் 220 மெகாவாட் நிலையம் ஒன்றை மிதவையின் மேல் அமைத்திருந்தது. 2001 முதல் ஏழாண்டு ஒப்பந்தத்தின்படி அது நாப்தாவை எரித்து மாநிலத்துக்கு மின்சாரம் தந்தது. ஒப்பந்தம் முடிந்தபின், கிருஷ்ணா-கோதாவரி வாயுவை நம்பி, அம்மிதவையைக் கடல் வழியே இழுத்துச் சென்று 2010-இல் ஆந்திரக் கரையில் காக்கிநாடாவில் நிறுத்தினர். எரிபொருளைத் தேடி மின்நிலையமே மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்கு யாத்திரை சென்றது! மூன்றாண்டுக்குள் வாயு நின்றது. அங்கும் அது வாளாவிருக்கலாயிற்று.

இவை தனித்த நிகழ்ச்சிகளல்ல. 2015-இல் நாட்டின் மின்தொகுப்போடு இணைந்த எரிவாயு நிலையங்கள் சுமார் 24,150 மெகாவாட். அவற்றுள் 14,305 மெகாவாட்டுக்கு உள்நாட்டு வாயு ஒரு துளியும் வரவில்லை. கட்டி முடித்து, வண்ணம் பூசி, எரிபொருளின்றி நின்ற எந்திரங்கள் இவை.

இவற்றோடு, நம் பூர்வீக நாடாம் தமிழகத்தின் டெல்டாப் பகுதியை ஒப்பிடுக. கோவில்களப்பாலில் 107 மெகாவாட், குத்தாலத்தில் 101 மெகாவாட் என்று, தமிழ்நாடு மின்வாரியம் சிறு நிலையங்களையே அமைத்தது. எண்ணெய், இயற்கைவாயுக் கழகத்தின் கிணறுகள் அருகிலேயே இருந்தன. கிணற்றில் ஊறுவதற்கேற்ப எந்திரத்தின் அளவு தீர்மானிக்கப்பட்டது. அவை உலகுக்குப் பறைசாற்றத்தக்க பெருநிலையங்கள் அல்ல; ஆயினும் ஓடின.

சும்மா நிற்கும் எந்திரத்துக்கும் கூலி

எந்திரம் ஓடாவிட்டால் நட்டம் முதலாளிக்குத்தானே, நமக்கென்ன என்று எண்ணிவிடலாகாது. மின்கொள்முதல் ஒப்பந்தங்களில் பொதுவாக இருவகைக் கட்டணம் உண்டு. ஒன்று, எடுத்த மின்சாரத்துக்கான எரிபொருள் விலை. மற்றொன்று, நிலையம் ஆயத்தமாக இருப்பதற்கான நிலைக்கட்டணம்; மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இதனைச் செலுத்த வேண்டும். வீட்டை வாடகைக்குப் பேசிவிட்டு அதில் குடியிராமல் பூட்டி வைத்தாலும் வாடகை தீராதது போன்றது இது.

ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெகாவாட்டுக்கு 4 கோடி ரூபாய் என்று கொண்டால், 1,400 மெகாவாட்டுக்கு 5,600 கோடி ரூபாய் ஆகும். அதற்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 560 கோடி. நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல். ஒரு விளக்கும் எரியாத நாளிலும் இத்தொகை வளரும். ஒப்பந்தம் பொதுத்துறையோடு ஆனால், அது சுற்றிச் சுற்றி வந்து சேருமிடம் நுகர்வோரின் கட்டணச் சீட்டு. அல்லது அரசின் கருவூலம். 2023-இல் தொடங்கிய கிருஹ ஜோதித் திட்டத்தின்கீழ் 200 யூனிட் வரம்புக்குள் கட்டணமின்றி மின்சாரம் பெறும் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. அவர்கள் பொருட்டு அரசு செலுத்தும் பணமும் மக்கள் வரிப்பணமே.

பிடதிக்கு வந்தது யாது?

விந்தை யாதெனில், மின்நிலையம் வராவிடினும் குழாய் வந்துவிட்டது. சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள தாபோல்-பெங்களூர்க் குழாய்வழி 2013-இல் இயங்கத் தொடங்கியது. அதன் வழியே வரும் வாயு இன்று தொழிற்சாலைகளுக்கும், வாகனங்களுக்கும், நகரத்து வீட்டு அடுப்புகளுக்கும் செல்கிறது. ஒரே பெரிய வாயில் விழ வேண்டியிருந்த உணவு, பல சிறு வாய்களுக்குப் பகிரப்பட்டது எனலாம். பிடதியில் மின்கழகத்தின் நிலத்திலும் பிற்காலத்தில் ஒரு மின்நிலையத் திட்டம் வந்தது. ஆனால் அது பெங்களூரின் குப்பையை நாளொன்றுக்கு 600 டன் எரித்து, 11.5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் சிறு நிலையம்.

எரிவாயு மின்நிலையம் என்னும் எண்ணமும் முற்றிலும் கைவிடப்படவில்லை. பழைய டீசல் மின்நிலையம் இருந்த எலகங்காவில், 370 மெகாவாட் அளவில் ஒன்றை மின்கழகம் கட்டியது. சோதனை ஓட்டத்தின்போது 2020 அக்டோபரில் தீவிபத்து நேர்ந்தது. பணியாளர் பலர் காயமுற்றனர். பல ஆண்டுத் தாமதத்துக்குப் பின் 2024 செப்டம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. பிடதிக்குக் குறித்த அளவில் இது நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதி. இதன் எரிபொருளும் சந்தை விலைக்குக் கட்டுப்பட்டதே. ஆதலால் இந்நிலையத்தின் பயனை மெகாவாட்டைக் கொண்டு அளக்காமல், எத்தனை மணி நேரம், என்ன விலைக்கு ஓடுகிறது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

இதற்கிடையில் தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில், மழை பொய்த்து வறண்ட நிலங்களை உழவரிடமிருந்து விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்து, சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா எழுந்தது. அதன் எரிபொருளுக்கு விலை இல்லை. சிவசமுத்திரத்தின் காவிரியைப் போன்றே கதிரவனும் சீட்டு அனுப்புவதில்லை. ஆனால் மாலை ஆறரை மணிக்கு விளக்கேற்றும் வேளையில் கதிரவன் விடைபெற்றுவிடுகிறான். அவ்வேளைக்கு நீர்மின்சாரமோ, சேமிப்புக் கலங்களோ, எரிவாயுவோ துணை வேண்டும். ஆகவே எரிவாயு நிலையமே கூடாதென்பது நம் கருத்தன்று. அது எவ்வளவு வேண்டும், எந்த நேரத்துக்கு வேண்டும் என்னும் அளவறிந்து செய்தலே வேண்டுவது.

நாம் கேட்க வேண்டியவை

பிடதியில் நிலையம் எழாததால் பெங்களூர் இழந்ததும் உண்டு. வறட்சி ஆண்டுகளில், அணைகளில் நீர் வற்றிய வேளையில், அருகிலேயே ஒரு பெருநிலையம் இருந்திருப்பின் உதவியிருக்கும் என்பது மெய்யே. ஆனால் அதற்கு வாயு இருந்திருக்க வேண்டும். அஃது இல்லாத ஆண்டுகளில், அந்நிலையம் கடனையன்றி மின்சாரத்தை ஈன்றிருக்காது. கட்டாமல் நிறுத்தியதனால் பல்லாயிரம் குடும்பங்களின் தலைமேல் விழவிருந்த சுமை விழாமற் போயிற்று. இதற்காக எவரும் விழா எடுப்பதில்லை. எனினும் இதுவும் ஓர் ஆதாயமே.

இனியும் திட்டங்கள் வரும். இத்தனை ஆயிரம் மெகாவாட், இத்தனை ஆயிரம் கோடி என்று நாளேடுகளில் பெரிய எழுத்துக்களில் செய்தி வரும். அப்பொழுது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. எரிபொருள் எங்கிருந்து வரும்? அதன் விலை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்டுள்ளது? எரிபொருள் வாராவிட்டால் நிலைக்கட்டணத்தைச் சுமப்பவர் யார்?

இக்கேள்விகளைக் கேட்கச் சட்டம் இடமளித்திருக்கிறது. கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தைத் திருத்துமுன் மின்வழங்கு நிறுவனத்தின் கோரிக்கையை நாளேடுகளில் வெளியிடச் செய்து, மக்களின் எழுத்து மூலமான ஆட்சேபங்களை ஏற்கிறது. பொது விசாரணையும் நடத்துகிறது. அங்கே சென்று பேசுவோருள் தொழிற்சாலை உரிமையாளரும் உழவர் சங்கத்தாரும் உண்டு. ரிச்சர்ட்ஸ் டவுனிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் நாம், "வந்த ஊரில் நமக்கென்ன பேச்சு" என்று ஒதுங்கியிருத்தல் தகாது. மூன்று தலைமுறை வாழ்ந்த ஊர் வந்த ஊர் அன்று, சொந்த ஊரே.

நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் நன்கு கற்கிறார்கள். ஆணையத்தின் அறிவிப்பு வெளிவரும் நாளில் அவர்கள் அதனைப் படித்து வீட்டிலுள்ள பெரியோர்க்கு எடுத்துரைக்கட்டும். கட்டணச் சீட்டில் எரிபொருள், மின்கொள்முதல் சரிக்கட்டுத் தொகை என்று தனியே ஒரு வரி வருவதைப் பெரியோர் அவர்களுக்குக் காட்டட்டும். அவ்வரியில் ஏறி இறங்கும் பைசாக் கணக்கில்தான் ஆழ்கடற் கிணறும், ஜப்பான் நாட்டு விபத்தும், மங்களூரிலிருந்து சென்ற மிதவையும் நம் இல்லத்துக்குள் வந்து நிற்கின்றன.